பைக்குக்கு எந்த எஞ்சின் ஆயில்? டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவரிடம் 2016 மாடல் பல்சர் 150 இருக்கிறது, 62,000 கி.மீ. ஓடிவிட்டது. ஆயில் மாற்றப் போனால் மெக்கானிக் 20டபிள்யூ-40 போதும் என்கிறார். ஸ்பேர்ஸ் கடைக்காரர் 10டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக்கை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். கூட வேலை பார்ப்பவரோ, நம் ஊர் வெயிலுக்கு ஆயில் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்கிறார். இதில் யார் சொல்வது சரி, வீட்டில் அப்பா ஓட்டும் ஸ்பிளெண்டருக்கும் அதே ஆயிலைச் சேர்த்து வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்சருக்கு 20டபிள்யூ-50, ஏபிஐ எஸ்எல் அல்லது அதற்கு மேல், ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2. ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30, ஜாஸோ எம்ஏ. இரண்டு வண்டிக்கும் ஒரே ஆயில் வேண்டாம். இந்த எண்களும் எழுத்துகளும் டப்பாவில் இருக்கும் கெட்டித்தன்மை, தரக் குறிகள்; ஒவ்வொன்றையும் கீழே விளக்குகிறேன். இவை இரண்டுமே வண்டியோடு கொடுத்த கையேட்டில் அச்சிட்டிருப்பவைதான். மினரலா சிந்தெடிக்கா, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

கையேட்டைப் பாருங்கள் என்று இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த முறை கடைக்காரர் "இது அதைவிட நல்லது சார்" என்றதும் மனசு மாறிவிடும். காரணம் தெரிந்தவர்தான் கடையில் தயங்காமல் கேட்டு வாங்குவார். நான் ஆயில் கலந்து டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். அங்கே பார்த்ததையும், அதற்கு முன்னால் சொந்த வண்டியில் பட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

காரில் எஞ்சின் ஆயில் எஞ்சினுக்கு மட்டும்தான். கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். சாதாரண மேனுவல் காரில் கிளட்ச் ஆயிலே படாமல் உலர்ந்து இருக்கும். பைக்கில் அப்படி இல்லை. ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில்தான் பிஸ்டனையும், வால்வுகளை அசைக்கும் கேம்ஷாஃப்டையும் காப்பாற்ற வேண்டும், கியர் பற்களுக்கு நடுவே போய் வர வேண்டும், கிளட்ச் தட்டுகளையும் நனைக்க வேண்டும். பிஸ்டனுக்கு ஆயில் நன்றாக வழுக்க வேண்டும். கிளட்சுக்கு வழுக்கவே கூடாது. கியர் பற்களோ மாட்டிய ஆயிலையெல்லாம் நசுக்கி அறுத்துத் தள்ளுகின்றன. இந்த மூன்றுக்கும் ஈடுகொடுப்பதுதான் பைக் ஆயில். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் எஞ்சினுக்கும் பிரைமரி செயினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனி அறை இருந்தது. அந்தக் காலத்தில் கிடைத்த ஆயிலை ஊற்றி ஓட்டினோம் என்று பெரியவர்கள் சொன்னால், அந்த வண்டியின் அமைப்பும் அதற்கு ஒரு காரணம்.

கிளட்ச் விஷயம் எனக்குக் கொல்லிமலையில்தான் புரிந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். என் 150 சிசி பைக்குக்கு ஒரு பட்டறையில் கார் ஆயில் ஊற்றிக் கொடுத்தார்கள். விலை உயர்ந்த ஆயில், வேறு வண்டிக்கு ஊற்றி மிச்சம் இருந்தது. சமதளத்தில் ஒரு வாரம் ஓட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் சத்தம் குறைந்ததுபோல்கூட இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நண்பனைப் பின்னால் உட்காரவைத்துக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலை ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பதினைந்து வளைவு தாண்டியிருப்போம். மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, ஆர்பிஎம் முள் மேலே போகிறது, வண்டி அதே வேகத்தில் ஊர்கிறது. இரண்டாவதுக்கு இறக்கினேன். கொஞ்ச தூரம் இழுத்தது, அப்புறம் அதுவும் அப்படியே. கருகிய வாடை வந்தது. நண்பன் இறங்கி நடந்தான். திரும்பி வந்து கிளட்சைப் பிரித்தபோது, சொரசொரப்பாக இருக்க வேண்டிய தட்டுகள் மெருகு போட்டதுபோல் பளபளத்தன. நகத்தை வைத்துச் சுரண்டிப் பார்த்தேன். பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் இருந்த ஸ்டீல் தட்டுகளில் சூட்டால் நீலம் பாய்ந்திருந்தது. முழு செட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த ஆயில் மோசமான ஆயில் இல்லை. காருக்கு அருமையான ஆயில். கார் ஆயில்களில், அதிலும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களில், பெட்ரோல் மிச்சமாவதற்காக உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்ப்பார்கள். டப்பாவின் பின்பக்கம் வட்ட முத்திரை ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பகுதியில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" அல்லது பழைய டப்பாவாக இருந்தால் "எனர்ஜி கன்சர்விங்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அந்த இரண்டு சொல்லில் எது கண்ணில் பட்டாலும் அந்த டப்பா பைக்குக்கு ஆகாது. கீழே வைத்துவிடுங்கள்.

இந்தத் தொல்லையை முதலில் தீர்த்துவைத்தவர்கள் ஜப்பான்காரர்கள். கார் ஆயில்கள் பெட்ரோல் சிக்கனத்தை நோக்கிப் போகப் போக, அதையே பைக்கில் ஊற்றியவர்களுக்குக் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. 1998-இல் ஜாஸோ என்ற ஜப்பானிய வாகனத் தர அமைப்பு, நான்கு ஸ்ட்ரோக் பைக் ஆயிலுக்கென்றே டி 903 என்ற தரத்தை வகுத்தது. கிளட்ச் தட்டை ஆயிலில் மூழ்கவைத்துச் சுழற்றிப் பிடித்துப் பார்ப்பார்கள். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது, எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று அளப்பார்கள். நன்றாகப் பிடித்தால் எம்ஏ. வழுக்கினால் எம்பி. 2006-இல் எம்ஏவையே எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். இதில் எம்ஏ2-க்குத்தான் பிடிப்பு அதிகம். கையேடு எம்ஏ என்று கேட்டிருந்தால் எம்ஏ2 தாராளமாகப் போடலாம். அசல் ஜாஸோ குறி ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருக்கும்: மேலே ஒரு பதிவு எண், கீழே எம்ஏ2 என்ற எழுத்து. பல டப்பாக்களில் இந்தக் கட்டம் இருக்காது, "ஜாஸோ எம்ஏ2 தரத்துக்கு ஏற்றது" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். பெயர் தெரிந்த கம்பெனி என்றால் அதையும் நம்பலாம். பெயரே கேள்விப்படாத டப்பாவில் அந்த வரியை மட்டும் நம்பி வாங்க மாட்டேன்.

எம்பி யாருக்கு? ஸ்கூட்டருக்கு. ஆக்டிவா போன்ற வண்டிகளில் பெல்ட்டும் கிளட்சும் ஆயில் படாத தனி அறையில் இருப்பதால் எஞ்சின் ஆயில் வழுக்கினால் லாபம்தான். ஸ்கூட்டரில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி கியர்பாக்ஸ் உண்டு. அதற்குத் தனியாக 100 மில்லிக்குச் சற்று முன்பின் ஆயில் வேண்டும். வருடக் கணக்கில் அதை மாற்றாமலேயே ஓட்டுகிறவர்கள் நிறைய. சில பைக்குகளின் கையேட்டிலும் எம்பி என்று இருப்பதைப் பார்க்கலாம். அந்த வண்டியின் கிளட்ச் அதற்கேற்றபடி செய்யப்பட்டது; கையேடு சொன்னபடி போடுங்கள். கையேட்டில் எம்ஏ என்றிருக்கும் வண்டிக்கு மட்டும் எம்பி போகக் கூடாது.

சரி, இப்போது எண்களுக்கு வருவோம். 20டபிள்யூ-50 என்பதில் டபிள்யூ என்றால் விண்டர், குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக அசையும் என்பதற்கு. பின்னால் இருக்கும் எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் விதிப்படி 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் எஞ்சின் சுழற்ற முடிகிறதா என்று சோதிப்பார்கள். ஊட்டியில் தை மாத விடியலில் உறைபனி விழும்போதே நமக்குப் பூஜ்யத்தை ஒட்டித்தான் இறங்குகிறது. ஆகவே லடாக் போகாதவரை முன் எண்ணின் எல்லை நம்மைத் தொடாது. அதற்காக அந்த எண் வீண் என்றும் நினைக்க வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே கேம்ஷாஃப்ட் வரை ஆயில் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதில் அதற்குப் பங்கு உண்டு.

பின் எண்ணை எப்படி அளக்கிறார்கள் என்று சொல்கிறேன். யு எழுத்துபோல் வளைந்த கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு இடத்தில் முடிபோல் மெல்லிய துளை. அதில் ஆயிலை ஊற்றி, துல்லியமாக 100 டிகிரியில் வைத்திருக்கும் தொட்டியில் இறக்குவோம். குழாயில் இரண்டு கோடுகள். ஆயிலின் மேல்மட்டம் முதல் கோட்டைத் தொடும்போது ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும், இரண்டாவது கோட்டைத் தாண்டும்போது நிறுத்த வேண்டும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்த விநாடிகளைக் குழாயின் மாறிலியால் பெருக்கினால் விடை சென்டிஸ்டோக்ஸ் என்ற கெட்டித்தன்மை அளவில் வரும். 9.3 முதல் 12.5-க்குள் வந்தால் அது 30. 12.5 முதல் 16.3 வரை 40. 16.3 முதல் 21.9 வரை 50. சாதாரணத் தண்ணீர் அறைச் சூட்டில் இதே அளவில் சுமார் 1. கடையில் இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து "நல்ல கெட்டி" என்று சொல்வது அந்த நேரத்து விரல் சூட்டில் உள்ள நிலை மட்டும்தான். 100 டிகிரியில் அது எப்படி நிற்கும் என்பது விரலுக்குத் தெரியாது.

இதை வைத்து "நம் வெயிலுக்குக் கெட்டி ஆயில்" என்ற பேச்சைப் பாருங்கள். வேலூரில் மே மாத மத்தியானம் 40 டிகிரி. அந்த 40 டிகிரியில் 10டபிள்யூ-30 ஆயிலின் கெட்டித்தன்மை ஏறக்குறைய 70 சென்டிஸ்டோக்ஸ், 20டபிள்யூ-50-க்கு 150-ஐத் தாண்டும். ஓடிச் சூடான எஞ்சினுக்குள் இருக்கும்போதைவிடப் பல மடங்கு கெட்டி. அதாவது நம் வெயிலில் நிற்கும் வண்டியில்கூட, ஸ்டார்ட் செய்யும் நொடியில், 10டபிள்யூ-30 தேவைக்கு மேல் கெட்டியாகத்தான் இருக்கிறது. எஞ்சினுக்குள் ஆயிலைச் சூடாக்குவது சூரியன் இல்லை, உள்ளே எரியும் பெட்ரோல். காற்றில் குளிரும் எஞ்சின் நெரிசலில் நின்று நின்று போகும்போது ஆயில் 100 டிகிரியைத் தாண்டும். வெளியே 25 டிகிரியா 40 டிகிரியா என்பதும் அதில் கொஞ்சம் சேரும். ஆனால் வண்டியை வடிவமைத்தவர்கள் இந்த நாட்டு வெயிலில் ஓடும் என்று தெரிந்துதான் அந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள். ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30 என்று எழுதியவர்களுக்கு ராஜஸ்தான் வெயில் தெரியாதா என்ன.

ஒவ்வொரு எஞ்சினிலும் பேரிங் இடைவெளி, ஆயில் பம்பின் வலு, ஆயில் போகும் துளைகளின் அளவு எல்லாம் ஒரு குறிப்பிட்ட கெட்டித்தன்மையை மனத்தில் வைத்துச் செய்தவை. ஸ்பிளெண்டரில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் மேலே ஆயில் ஏறத் தாமதமாகும், பம்பு கஷ்டப்பட்டுச் சுற்றும், மைலேஜும் கொஞ்சம் குறையும். சத்தம் மட்டும் அடங்கும். அதனால்தான் பலருக்கு அது பிடித்துப்போகிறது. பல்சரில் மெல்லிய ஆயில் ஊற்றினால் நீண்ட தூரம் வேகமாக ஓட்டும்போது, உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்க வேண்டிய ஆயில் படலம் மெலியும். ஒரு தடவை மாற்றிப் போட்டதால் எஞ்சின் போய்விடாது, பயப்பட வேண்டாம். வருடக் கணக்கில் அதையே செய்தால்தான் தேய்மானமாக வந்து நிற்கும். ராயல் என்ஃபீல்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் 350 சிசி வண்டிக்கு 15டபிள்யூ-50 சொல்கிறார்கள், 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிக்கு வேறு எண். ஒரே கம்பெனி, ஒரே ஊர் வெயில், எஞ்சின்தான் வேறு.

ஒரே ஆயில் குளிரில் மெல்லியதாகவும் சூட்டில் கெட்டியாகவும் எப்படி இருக்கிறது என்பது தெரிந்தால் இன்னொரு விஷயம் பிடிபடும். மெல்லிய அடிப்படை எண்ணெயில் பாலிமர் சேர்ப்பார்கள். நீளமான நூல்போன்ற மூலக்கூறு. குளிரில் அது சுருண்டு கிடக்கும். சூடேறினால் விரிந்து ஆயிலைத் தடுத்துப் பிடிக்கும். பைக்கில் அந்த நூலுக்கு எதிரி கியர்பாக்ஸ். பற்கள் ஒன்றோடொன்று அழுந்தும்போது நடுவில் மாட்டும் நூல்கள் அறுபடுகின்றன. அறுபட்டால் திரும்ப ஒட்டாது. பழைய ஆயிலைக் கொண்டுவந்து குழாயில் விட்டுப் பார்ப்போம். 50-ஆக ஊற்றியது 40-இன் எல்லைக்குள் இறங்கியிருப்பது சகஜம். எரியாமல் கசிந்து கலந்த பெட்ரோலும் இதில் கொஞ்சம் சேரும். வண்டி ஓட்டுபவருக்கு இது கியரில்தான் முதலில் தெரியும். சிக்னலில் நியூட்ரல் சிக்காது, கியர் விழும்போது கடக்கென்று சத்தம் வரும். கிளட்ச் கேபிள் சரியாக இருந்தும் இப்படி ஆனால் ஆயிலின் காலம் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் 20டபிள்யூ-50 மினரல் ஆயிலை யாராவது பழைய சரக்கு என்று ஒதுக்கினால் எனக்கு ஒப்பாது. முன் எண்ணுக்கும் பின் எண்ணுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் பாலிமரும் குறைவாகவே தேவைப்படும். அறுபட அதிகம் இல்லாததால் அது தன் கெட்டித்தன்மையை நன்றாகவே காப்பாற்றும். 5டபிள்யூ-50 போல இடைவெளி அகன்ற ஆயில் வேண்டுமானால் அதற்கு நல்ல சிந்தெடிக் அடிப்படை இருக்க வேண்டும்.

சிந்தெடிக் என்ற சொல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆயில் டப்பாவில் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய்தான், மீதி மருந்துகள். அந்த அடிப்படை எண்ணெயை ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டும் கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்து எடுப்பவை. மினரல் என்று நாம் சொல்வது இதைத்தான். மணலியில் உள்ள சிபிசிஎல் ஆலையிலும் லூப் அடிப்படை எண்ணெய் தயாராகிறது. மூன்றாவது, அதையே ஹைட்ரஜனோடு சேர்த்துக் கடுமையாகப் பதப்படுத்தியது. நான்காவது பிஏஓ, ரசாயன முறையில் கட்டியெழுப்பியது. எஸ்டர் போன்ற மற்றவை ஐந்தாவது. கச்சா எண்ணெயிலிருந்தே வரும் மூன்றாவது குரூப்பைச் சிந்தெடிக் என்று அழைக்கலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகளுக்குள் தகராறு வந்தது. 1999-இல் அங்குள்ள விளம்பரத் தீர்ப்பு அமைப்பு அழைக்கலாம் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு "ஃபுல் சிந்தெடிக்" என்ற எழுத்துக்குள் எது இருக்கிறது என்று டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. "செமி சிந்தெடிக்" என்றால் எத்தனை சதவீதம் என்றும் சொல்ல முடியாது.

இருந்தாலும் சிந்தெடிக்குக்கு உண்மையான பலன் உண்டு. சூட்டில் சீக்கிரம் கெடாது, ஆவியாகிக் குறைவதும் கம்மி. ஆயில் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும் வேகம், சூடு பத்து டிகிரி ஏறும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. கேடிஎம் 390 போல அதிக ஆர்பிஎம்மில் சுற்றும், தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கு 15டபிள்யூ-50 ஃபுல் சிந்தெடிக் என்று கம்பெனியே கேட்கிறது. அங்கே காசு பார்க்கக் கூடாது. ஆபீஸ் போய் வரும் 100 சிசி வண்டிக்கு அது தேவையில்லை. ஏறக்குறைய இரு மடங்கு விலை கொடுத்து சிந்தெடிக் வாங்கி இரண்டு மடங்கு தூரம் இழுத்து ஓட்டுவதைவிட, அளவான விலையில் சரியான எண்ணும் எம்ஏவும் உள்ள மினரல் ஆயிலை வாங்கி நேரத்தில் மாற்றுவது எஞ்சினுக்கு நல்லது. சிந்தெடிக் ஊற்றினால் பழைய வண்டியில் ஒழுகும் என்ற பயத்திலும் பாதிதான் உண்மை. வயதாகி இறுகிய சீலின் இடுக்கில் அடைத்துக்கொண்டிருந்த கசடு கரைந்தால் ஏற்கெனவே இருந்த ஒழுகல் வெளியே தெரியும். கெட்டது சீல்தான், மாற்ற வேண்டியதும் அதைத்தான்.

ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் எழுத்துகளுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சின், சி என்றால் டீசல். எஸ்எல் 2001-இல் வந்தது, எஸ்எம் 2004, எஸ்என் 2010, எஸ்பி 2020. கையேட்டில் எஸ்எல் என்றிருந்தால் எஸ்எல்லோ அதற்கு அடுத்த எழுத்தோ போடலாம். புதிய எழுத்துகளில் சில ரகங்களுக்கு, கார் சைலன்சரில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்டைக் காப்பாற்றுவதற்காகப் பாஸ்பரஸ் அளவைக் குறைத்தார்கள். பாஸ்பரஸ்தான் கேம்ஷாஃப்டைத் தேய்மானத்திலிருந்து காப்பது. ஜாஸோ தரம் அது 0.08 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது, 0.12-ஐத் தாண்டவும் கூடாது என்கிறது. எம்ஏ குறியைப் பார்த்து வாங்குவதற்கு இது இன்னொரு காரணம். லாரிக்கு வாங்கிய டீசல் ஆயிலில் மிச்சம் இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றும் பழக்கம் எங்கள் நாமக்கல் பக்கம் நிறைய. வேண்டாம். ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்ரோலோடு கலந்து எரியும் 2டி ஆயிலின் தரம் வேறு, அதில் எஃப்சி, எஃப்டி என்ற எழுத்துகளைப் பாருங்கள். கீழே கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எந்த ஆயில் என்பதைவிட எஞ்சினைச் சீக்கிரம் கொல்லும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆயில் குறைவு. எதிர்வீட்டு அண்ணனின் 100 சிசி வண்டியில் மேல்பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறது என்று கூப்பிட்டார். கீழே டிரெயின் போல்ட்டைக் கழற்றி அளவுக் குவளையைப் பிடித்தேன். தார்போலக் கொஞ்சம் இறங்கியது, நின்றுவிட்டது. கால் லிட்டர்கூட இல்லை. அந்த வண்டிக்கு முக்கால் லிட்டருக்குமேல் இருக்க வேண்டும். ஹெட்டைத் திறந்து கேம்ஷாஃப்டைக் கையில் எடுத்தோம். முட்டை வடிவத்தில் வழவழவென்று இருக்க வேண்டிய மேட்டின் உச்சியில் பள்ளம் விழுந்திருந்தது. விரலை ஓட்டினால் நகம் மாட்டியது. அதன்மேல் உரசும் ராக்கரின் முனை சொறிபிடித்ததுபோல் இருந்தது. பம்பு கீழே இருக்கிறது, கேம் உச்சியில் இருக்கிறது. ஆயில் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். அவர் ஊற்றியிருந்தது நல்ல கம்பெனி ஆயில், சரியான எண். எட்டு மாதமாக ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

பல 100 சிசி பைக்குகளின் கையேடு 6,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லும். ராயல் என்ஃபீல்டின் புதிய வண்டிகளில் அது 10,000 வரை போகிறது. அந்த எண்ணோடு சேர்த்து, நடுவில் அளவு பார்த்து டாப்-அப் செய்யச் சொல்லும் வரியும் அதே பக்கத்தில் இருக்கும். முதல் எண்ணைப் படித்துவிட்டு இரண்டாவது வரியை விட்டுவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சற்றுப் பொறுத்துப் பாருங்கள். ஸ்பிளெண்டரில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துத் துளைக்குள் வைத்தால் போதும், மரையைத் திருகக் கூடாது. திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று இரண்டு கி.மீ. மட்டும் ஓடும் வண்டிக்குத் தூரக் கணக்கு பொருந்தாது. எஞ்சின் முழுச்சூடு ஏறாமலே நின்றுவிடுவதால் உள்ளே வியர்க்கும் நீர் ஆவியாகாது. ஆயில் மூடியைத் திறந்தால் உட்பக்கம் மோர்க்குழம்பு நிறத்தில் ஏடு படிந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஓடிய தூரத்தைப் பார்க்காமல் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள்.

ஆயில் கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். கரியையும் கசடையும் உலோகத்தில் ஒட்டவிடாமல் தன்னுள் வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. கறுப்பது அந்த வேலையைச் செய்வதன் அடையாளம். பெட்ரோல் வாடை அடித்தாலோ, வடித்த ஆயிலை வெயிலில் பார்க்கும்போது ஜரிகைபோல் மின்னினாலோதான் கவலைப்பட வேண்டும்.

போலி ஆயில் உண்மையான பிரச்சினை. பிரபலமான பெயர்களைத்தான் போலி செய்கிறார்கள். மூடியின் சீல், அடைத்த தேதி, பேட்ச் எண், கியூஆர் குறி இருந்தால் அதையும் பாருங்கள். அச்சிட்ட விலையைவிடப் பாதிக்குத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். ஆயில் மாற்றியதும் காலி டப்பாவில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து குத்திவிட்டுக் கிளம்புங்கள். நல்ல நிலையில் உள்ள காலி டப்பாவை வாங்குவதற்கென்றே ஆள் இருக்கிறார்கள்.

இனி தம்பியின் பல்சருக்கு வருகிறேன். 62,000 ஓடிய எஞ்சின் என்பதால் முதலில் அது ஆயில் குடிக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். 20டபிள்யூ-50 எம்ஏ2 மினரல் அல்லது செமி சிந்தெடிக் வாங்குங்கள். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே வடியுங்கள். உங்கள் வண்டியில் பேப்பர் ஃபில்டர் இருக்கிறது. அதையும் அதன் ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், டிரெயின் போல்ட்டின் வாஷரும் புதிது. போல்ட் மாட்டும் இடம் அலுமினியம். பலம் காட்டி இறுக்கினால் மரை போய்விடும். டப்பாவில் உள்ளதை அப்படியே கவிழ்க்காமல், கையேட்டில் உள்ள மில்லி கணக்கில் அளந்து ஊற்ற வேண்டும். கொஞ்சம் ஓடவிட்டு, அணைத்து, அளவைச் சரிபாருங்கள். மேல் கோட்டைத் தாண்டினாலும் தவறுதான், நுரைக்கும். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவோ கரையானுக்கென்று மரத்தடியில் கொட்டவோ விடாதீர்கள், கிணற்றுத் தண்ணீர்வரை இறங்கும். பட்டறையில் டிரம்மில் சேர்த்து மறுசுழற்சிக்காரரிடம் கொடுப்பார்கள்.

1,000 கி.மீ. ஓடியதும் அளவைப் பாருங்கள். அசையவில்லை என்றால் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது, இதே ஆயிலைத் தொடரலாம். நன்றாக இறங்கியிருந்து, வெளியே ஒழுகலும் இல்லையென்றால், சைலன்சரைக் கவனியுங்கள். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி முறுக்கும்போது ஒரு கொத்து நீலப்புகை வந்தால் பெரும்பாலும் வால்வு சீல்; இழுக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். இதைவிடக் கெட்டியான ஆயிலையோ பாட்டிலில் விற்கும் சேர்க்கை மருந்தையோ ஊற்றினால் சில மாதம் மறைக்கலாம், சரியாகாது. அந்தக் காசைச் சேர்த்துவைத்து வால்வு சீலையோ ரிங்கையோ மாற்றுங்கள்.

அப்பாவின் ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30 எம்ஏ, மினரலே போதும். அதில் கழற்றி மாற்றும் பேப்பர் ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பிச் சல்லடையும், சுழற்சி வேகத்தில் கசடை ஒதுக்கும் கிண்ணம் ஒன்றும்தான். கிளட்ச் பக்கத்து மூடியைத் திறந்தால்தான் அந்தக் கிண்ணத்தைச் சுத்தம் செய்ய முடியும். அடுத்த தடவை கிளட்ச் வேலைக்கு வண்டி போகும்போது அதையும் வழித்தெடுக்கச் சொல்லுங்கள். இத்தனை வருடக் கசடு களிம்புபோல் அதில்தான் அப்பியிருக்கும்.